எண்ணெய்க் கச்சேரி

டாக்டர் அம்பலவாணருடைய வயிறு சாதாரண வயிறாக இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. அது அரசாங்க வயிறு. சிவனொளிபாத மலையில் தரிசனம் முடித்துத் திரும்பும் வழியில், நோர்வூட் கடைவீதியில் ஜீப்பை நிறுத்தி, சண்முகவடிவின் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே பன்னிரண்டு பருப்பு வடையை உள்ளே தள்ளி, அதன்மேல் இரண்டு கிளாஸ் பிளேன்டீயையும் ஊற்றிக்கொண்டு நுவரெலியா போய்ச் சேர்ந்த அந்த வயிறு, அன்றைக்கு அவரைப் படுக்கவிடவில்லை. வேறு ஆளாக இருந்தால், பன்னிரண்டு தின்றால் பின்னே என்னதான் செய்யும் என்று ஓமத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிடந்திருப்பான். டாக்டர் விடிந்ததும் ஒரு ஃபைலைத் திறந்தார்.

அவர் டைரக்டராக வீற்றிருந்த இடத்தின் பெயர் 'உயர் வெப்பக் கொழுப்பமில ஒட்சியேற்ற அளவீட்டு நிலையம்.' ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவருக்குப் பதவி உயர்வு உண்டு என்று பேச்சு. ஊர்சனங்களுக்கு அவ்வளவு மூச்சு ஏது? அரசாங்க ஆப்பீசு எதுவானாலும் அவர்களுக்குக் கச்சேரிதான்; இதை எண்ணெய்க் கச்சேரி என்றார்கள். எண்ணெயைச் சுடவைத்து, அதற்குள் காற்றை ஊதி, சூடும் காற்றும் சேர்ந்து அதை எவ்வளவு சீக்கிரம் கெடுக்கின்றன என்று அளப்பதுதான் அங்கே வேலை. சூட்டை அளக்கிற நிலையத்தை இலங்கையிலேயே குளிர் கூடிய ஊரில் கொண்டுபோய் ஏன் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். டைரக்டருக்குக் கொழும்பு வெக்கை ஒத்துக்கொள்ளாது.

கண்ணாடிக் குழாய்களும் காற்றுப் பம்புமாக ஜெர்மனியிலிருந்து ஒரு மிசின் வந்திறங்கி நான்கு வருஷமாகிறது. அதற்கு உறை தைத்தார்கள். உறையைத் துவைக்க ஆள் போட்டார்கள். அளப்பதற்கு எண்ணெய் மட்டும் வந்து சேரவில்லை. எந்த எண்ணெயை அளப்பது என்று முடிவெடுக்கக் கமிட்டி போட்டு, கமிட்டி உட்காரக் கதிரை வாங்கி, கதிரை ஆடுகிறதென்று இன்னொரு கமிட்டி போட்டு, இப்படியே நாள் ஓடியது. டைரக்டரின் வயிறு கலங்கிய அன்றைக்குத்தான் நிலையத்துக்கு உயிர் வந்தது.

சண்முகவடிவுக்கு அப்போது வேறு கவலை. அவள் நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவள். கொழுந்து பறிக்கப் போகாமல் சின்ன வயசிலேயே ஆத்தாளோடு கடைவீதிக்கு வந்து வடைச்சட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டதால், தோட்டத்துப் பேர்ப்பதிவில் அவள் பேர் கிடையாது. புருஷன் இராமையா ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்றில் ரெண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டார். போட்டவர் அடுத்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். மகள் நாகலெட்சுமியைக் கட்டிய மருமகனுக்கு எப்படியோ கிடைத்துவிட்டது; அவனோடு அவளும் பிரஜை. தாய்க்கு மட்டும் ஆறு வருஷம் கழித்து, இப்போது அட்டனில் விசாரணை என்று தகவல் வந்திருந்தது. இந்த நாட்டிலேயே விடாமல் இருந்ததற்கு அத்தாட்சி கொண்டுவர வேண்டுமாம். இருந்ததற்கு என்ன அத்தாட்சி? இருந்தாள், அவ்வளவுதான். அத்தாட்சி இல்லையென்றால், பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்த ராமநாதபுரத்துக்கே போ என்பார்கள். ராமநாதபுரத்தில் அவளை இன்னாரென்று அறிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. மகளோ நாலு மாதப் பிள்ளைத்தாச்சி.

இந்த நேரம் பார்த்துத்தான் ஜீப் வந்து நின்றது. டாக்டர் இறங்கினார். பின்னால் ஒரு கிளாக்கர், அரக்கும் முத்திரையுமாக. அதற்கும் பின்னால் கஸ்பர் என்கிற பியோன், பூண்டுலோயாப் பக்கத்துப் பையன்.

"இஞ்ச பாரும் அம்மா, இந்த எண்ணெய் எப்ப ஊத்தினது?" என்றார் டாக்டர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"இன்னிக்கு வெள்ளன ரெண்டு போத்தல் ஊத்துனேங்க."

"அதுக்கு முந்திச் சட்டி வெறுமையாக் கிடந்ததோ?"

"ஐயய்யோ, சட்டியக் காய விடலாமுங்களா? வீடு வெளங்குமா? அடியில ஒரு கரண்டி எப்பவும் கெடக்குங்க. அதுமேலதான் புதுசு."

"அந்த ஒரு கரண்டி எப்பத்தையது?"

"நேத்து மிச்சங்க."

"நேத்தைய கரண்டி?"

"முந்தாநாத்து மிச்சங்க."

டாக்டரின் மூக்கு விடைத்தது. "அப்பிடியே பின்னால போனா முதன்முதல் கரண்டி எப்ப விழுந்தது எண்டு சொல்லும்."

"எங் கல்யாணத்துக்குங்க. தனி அடுப்பு வைக்கிறப்ப, எங்காத்தா அவ சட்டியிலருந்து ஒரு கரண்டி மொண்டு என் சட்டியில ஊத்துச்சு. அது ஆச்சுங்க முப்பத்தொரு வருசம். அன்னியிலருந்து காயவிட்டதே இல்ல." அவள் பெருமையாகத்தான் சொன்னாள். எந்தப் பொம்பளையும் அதைப் பெருமையாகத்தான் சொல்வாள்.

டாக்டர் கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் டாக்டரைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷமாக இடைவிடாமல் சூடேறிய கொழுப்பு! உலகத்தில் எந்த நிலையத்துக்கு இப்படி ஒரு பாக்கியம் கிடைத்திருக்கிறது? "சட்டியை எடு!" என்றார். சட்டியில் வடை வெந்துகொண்டிருந்தது. எடுத்துவிட்டார்கள். சட்டப்படி முத்திரை வைக்க வேண்டும் என்று கிளாக்கர் விளிம்பில் அரக்கைக் காய்ச்சி ஒட்டினார். சட்டிச் சூட்டுக்கு அரக்கு நிற்குமா? வழிந்து எண்ணெய்க்குள் போய்ச் சிவப்பாகக் கரைந்தது. அதற்கும் ஒரு ரசீது எழுதினார்கள்.

"ஐயா, சாமி, எம் பொழப்பே அதுதாங்க!" என்று சண்முகவடிவு கத்தினாள்.

"நீரும் வாரும்," என்றார் டாக்டர். "எண்ணெய் சூடேறுற தொடர்ச்சி அறப்படாது. எங்கட ஆக்களுக்கு விறகடுப்பு மூட்டத் தெரியாது."

பக்கத்துக் கீரைக்கடைப் பேச்சியம்மா கடைவீதி முடியும்வரைக்கும் வாயிலடித்துக்கொண்டே ஜீப்போடு ஓடிவந்தாள். "அடி சண்முகவடிவு, எண்ணெ பொல்லாததா இருந்தா அவரு பன்னெண்டாவது வடையத் தின்னுருப்பாராடி? கேளுடி!" ஜீப் போய்விட்டது.

நுவரெலியாவில் சண்முகவடிவு கஸ்பரின் வீட்டில் தங்கினாள். அவன் பெண்சாதி பெற்றீசியா பாய் விரித்துக் கொடுத்தாள். பகலெல்லாம் நிலையத்தில் வேலை. அவள் சட்டியை மூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் அதிலிருந்து கரண்டி கரண்டியாக மொண்டுபோய்க் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சூடேற்றி, காற்றை ஊதுவார்கள். பிறகு ஒரு மருந்தைக் கலந்தால் எண்ணெய் நீலமாகும். அந்த நீலம் மறைகிறவரைக்கும் இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். சொட்டு கூடக் கூட எண்ணெய் அவ்வளவுக்கு அவ்வளவு கெட்டுப்போச்சு என்று கணக்கு.

வெளிநாட்டுப் புத்தகத்தில் சூடு நூற்றெண்பது பாகை என்று போட்டிருந்தது. நூற்றெண்பதுக்கே வைத்தார்கள். பரிசோதனையின் பொருட்டு அதே சூட்டில் வடையும் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று டைரக்டர் உத்தரவிட, சண்முகவடிவு தட்டிப் போட்டாள். வடை அடியில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்தது, உட்கார்ந்ததுதான். ஒரு சலசலப்பு இல்லை. ஆற்றில் விழுந்த கல் மாதிரிக் கிடந்த வடையை அதிகாரிகள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"எண்ணெ காயவே இல்லீங்களே," என்றாள் அவள்.

"மிசின் நூற்றெண்பது எண்டு காட்டுது. வடையிலதான் பிழை," என்றார் டாக்டர். வடையை ஆராய ஒரு துணைக் கமிட்டி அமைந்தது.

அந்தச் சூட்டில் எண்ணெய் கெடுவேனா என்றது. இத்தனை மெதுவாகக் கெடுகிற எண்ணெய் இவ்வளவு கறுப்பாக எத்தனை வருஷம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டார்கள். முந்நூற்றுச் சொச்சம் வருஷம் என்று விடை வந்தது. டாக்டர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப இது ஒல்லாந்தர் காலத்து எண்ணெய்!" என்று கதிரையைத் தட்டினார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஆண்ட அந்த டச்சுக்காரர்களுக்குச் சண்முகவடிவின் ஆத்தா வடை சுட்டாளா என்று ஒருநாள் முழுக்க அவளை விசாரித்தார்கள். ஆத்தா அப்படியெல்லாம் கண்ட ஆம்பளைகளுக்கும் வடை கொடுத்தவள் இல்லை என்று அவள் அழுதே விட்டாள்.

எண்ணெயில் வேறெங்கும் காணாத ஒரு சிவப்புப் பொருளும் இருந்தது. நோர்வூட் மண்ணுக்கே உரிய அரிய கூறு என்று அதற்கு டைரக்டரின் பெயரையே வைத்தார்கள். அரக்கு என்று சொல்லக் கிளாக்கருக்கு வாய் துடித்தது. ஆனால் அவருக்குப் பிள்ளைகுட்டி இருந்தது.

பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் மிசினைப் பார்க்க வந்தார். புத்தகத்துப் பாகை சென்டிகிரேட்டு, நிலையத்து வெப்பமானி பாரன்ஹீட்டு என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார். அதன்பிறகு புதுசாகச் சூடேற்றி, புதுசாக ஊதி, புதுசாகச் சொட்டி, ஒரு கணக்குக்குக் கூட்டி ஒரு கணக்குக்குக் குறைத்து, கடைசியில் முப்பத்தொரு வருஷம் என்று விடையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சண்முகவடிவு முதல்நாளே அடுப்படியில் நின்று சொன்ன அதே முப்பத்தொன்று. 'மேற்படி எண்ணெய் நோர்வூட் எல்லைக்குள் முப்பத்தொரு வருடம் இடையறாது வதிந்து சூடேறியமை விஞ்ஞான ரீதியாக ஐயமற நிரூபணம்' என்று அறிக்கை அடித்து, ஐந்து பேர் கையெழுத்திட்டார்கள்.

கஸ்பர்தான் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். "அக்கா! ஒங்களுக்கு விசாரணையில கேக்குற அத்தாட்சி இதுதாங்கக்கா. கவர்மெண்டு சீலு அடிச்சிருக்கு. முப்பத்தொரு வருசம் நோர்வூட்ல இருந்துச்சுன்னு பெரியவங்க அஞ்சு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க. இனி எவன் அசைப்பான்?"

சண்முகவடிவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பெற்றீசியா தன் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள். சண்முகவடிவும் பக்கத்தில் போய் நின்று கும்பிட்டுக்கொண்டாள். ஆபத்துக்குப் பாவமில்லை, எந்தத் தாயாக இருந்தால் என்ன?

அட்டனில் விசாரணை அதிகாரி சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். அதிகாரி நல்ல மனுஷன் மாதிரித்தான் தெரிந்தார். அறிக்கையை மூன்று தரம் படித்தார். சீலைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எண்ணெய் முப்பத்தொரு வருசமா இங்கதான் இருந்திருக்கு. அதில தொரைக்குச் சந்தேகமே இல்லையாம்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"நல்லா இருப்பாருங்க," என்று சண்முகவடிவு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்க இருந்ததுக்கு என்ன அத்தாட்சின்னு கேக்கிறார்."

அவளுக்கு விளங்கவில்லை. "அந்த எண்ணெதாங்க அத்தாட்சி. அதுல வடை சுட்டவ நாந்தானுங்களே."

"அது அறிக்கையில இல்லியே."

"அப்ப எண்ணெ தன்னாலயாங்க ஐயா காஞ்சிச்சு?"

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கி அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தார். பிறகு, எண்ணெய் தன்னால் காயுமா காயாதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் தன் ஆப்பீசுக்கு இல்லை, அதை எண்ணெய்க் கச்சேரியில்தான் கேட்க வேண்டும் என்றார். அடுத்த கேள்விக்குப் போனார்.

"நடுவில எப்பயாவது இந்தியாவுக்குப் போனீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. "எங்க வீட்டுக்காரரு அஸ்தியக் கரைக்க ராமேஸ்வரம் போனேங்க. ஒரு மாசம். கரைச்சிட்டு நேரா வந்துட்டேன்."

"அந்த ஒரு மாசம் அடுப்பு?"

"கீரைக்கடைப் பேச்சியம்மா பாத்துக்கிட்டா. ஒரு நாளு அணைய விடல, பாவம்."

"அப்ப எண்ணெய் எங்கயும் போகல?"

"எண்ணெ எங்கிட்டுங்க போகும்?"

"நீங்கதான் போனீங்க."

அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். எண்ணெய் விட்டுப் போகவில்லை; மனுஷி விட்டுப் போனாள். நாட்டின்மேல் எதற்கு அதிகப் பற்று என்று யாருக்கும் தெரிகிற விஷயம்தானே! விண்ணப்பம் தள்ளுபடி.

நாகலெட்சுமி லயத்து வாசலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அந்த நாசமாப்போன எண்ணெய வச்சி எதுக்கும்மா வாதாடப் போன? ஒன்னய எனக்குத் தெரியாதா, எங்கப்பனத் தெரியாதா, இந்த நோர்வூட்டுக்கே தெரியாதா? எம் பிள்ளைக்கு மருந்து இடிச்சிப் போட யாரு இருக்கா?"

"பேசாம இரு புள்ள. வயித்துல இருக்கிறது கேக்கும்," என்றாள் தாய். தானும் அழுதால் மகளைத் தேற்ற இன்னொருத்தி இல்லாததால் அவள் அழவில்லை.

விஷயம் டாக்டர் காதுக்குப் போனது. அவர் துள்ளி எழுந்தார். மனுஷிக்கு வந்த கஷ்டத்துக்கு இல்லை. எண்ணெயின் வயசு தெரிந்துவிட்டது, அது எப்போது முழுசாகக் கெடும் என்று இனித்தான் அளக்க வேண்டும்; அவள் போய்விட்டால் சட்டியை யார் மூட்டுவது? அன்றைக்கே அவசரக் கூட்டம் கூட்டினார். சண்முகவடிவையும் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தினார்கள்.

"கனவான்களே," என்று டாக்டர் தொடங்கினார். "இது மனிதாபிமானப் பிரச்சினை அல்ல. அப்பிடி ஒண்டில் இந்த நிலையம் இண்டுவரைக்கும் தலையிட்டதில்லை, இனியும் தலையிடாது. இது கொழுப்பின் பிரச்சினை. ஒரு அம்மா நாடு கடத்தப்படுறதால அரசாங்கத்துக்கு நட்டமில்லை. அப்பிடி ஆயிரம் பேர் போகினம், நாங்களும் பேப்பரில வாசிக்கிறம். ஆனா ஒரு சட்டி ஆறிப்போனா? விஞ்ஞானம் எங்களை மன்னிக்குமோ? மனிசியா இவவுக்கு இஞ்ச இருக்க உரிமையில்லை எண்டு சட்டம் சொல்லுது. சட்டத்தை மதிப்பம். மனிசியா எண்டு கேளாமல், உபகரணமா எண்டு கேப்பம்."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். கூட்டத்தில் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தவர் கிளாக்கர் ஒருவர்தான். அவரும் உபகரணங்களின் எண்ணிக்கை சரிதானா என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்.

கொழும்பிலிருந்து அனுமதி வந்தது. 'இரும்புச்சட்டி ஒன்று, கண்ணகப்பை ஒன்று, மூட்டும் பெண் ஒன்று: வெளிநாட்டுத் தயாரிப்பான தற்காலிக உபகரணம். பரிசோதனை முடிந்ததும் உற்பத்தியான நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டும்.' சட்டியும், வடையை அரித்தெடுக்கிற கண்ணகப்பையும் அட்டனில் வாங்கியவை. ஜெர்மன் மிசின் வேறு பட்டியலில், 'உள்நாட்டுச் சொத்து, நிரந்தரம்' என்ற தலைப்பின்கீழ் இருந்தது.

"நான் உற்பத்தியானது நோர்வூட்டுப் பக்கத்துத் தோட்டத்து அஞ்சாம் நம்பரு லயத்துலதாங்க," என்றாள் சண்முகவடிவு.

"அதுக்கு அத்தாட்சி இருக்கோ?" என்றார் டாக்டர்.

அதன்பிறகு அவள் உயிர் அந்தச் சொட்டுகளில் தொங்கியது. எண்ணெய் கெட்டு ஒரு எல்லையைத் தொட்டால் பரிசோதனை முடிந்தது; பரிசோதனை முடிந்தால் கப்பல். நூறு சொட்டுத்தான் எல்லை என்று வைத்திருந்தார்கள். குழாயில் நீலம் மறைகிற நேரம் அவள் கதவோரம் நின்று, எண்ணத் தெரிந்த சாமியையெல்லாம் எண்ணுவாள். ஊரில் எல்லாரும் நல்ல எண்ணெய் வேண்டுமென்று வேண்டுவார்கள். இவள், இருக்கிற எண்ணெய் இன்னும் கொஞ்சம் மெதுவாகக் கெடட்டும் என்று வேண்டினாள். இதையெல்லாம் கேட்க எந்தக் கோயிலில் எந்தச் சாமிக்குப் பொறுமை இருக்கும்?

சும்மா சாமியை மட்டும் நம்பியிருக்கவும் இல்லை. மடியில் சின்னப் போத்தலில் புது எண்ணெய் கொண்டுபோய், யாரும் பார்க்காத நேரம் சட்டியில் ஊற்றுவாள். நுரைத்தால் ஒரு வெற்றிலையையோ கொட்டைப்பாக்களவு புளியையோ போட்டு எடுப்பாள். கல்யாணமான நாளிலிருந்து செய்துவந்த வேலைதான். அப்போது அது அடுப்படிக் காரியம். இப்போது அரசாங்கத்துக்கு எதிரான குற்றம். கஸ்பர் கண்டான். கண்டுவிட்டு, கதவை வெளியே சாத்திக்கொண்டு போய்க் காவலுக்கு நின்றான். எண்ணெய் எண்பது சொட்டுக்கு மேலே ஏறவில்லை. ஏற விடவில்லை.

இடையில் நாகலெட்சுமிக்குப் பெண் பிறந்தது. நோர்வூட்டுக்குப் போய்ப் பார்த்துவர உபகரணத்துக்கு அனுமதி வேண்டுமென்றார்கள். எழுதிப்போட்டு, அனுமதி வந்து, போய்ப் பார்க்கும்போது பிள்ளைக்குப் பேர் வைத்து முடித்திருந்தார்கள். குழந்தையைத் தூக்கி முகர்ந்தாள். உச்சந்தலையில் தேங்காயெண்ணெய் மணந்தது.

அடுத்த மாதம் மந்திரி ஒருவர் நிலையத்தைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. மந்திரி வந்தால் வெற்றி ஒன்றைக் காட்ட வேண்டாமா? அளந்து முடித்த பொருள் ஒன்றுகூட நிலையத்தில் இல்லை. டாக்டர் தாடையைத் தடவி யோசித்தார். எண்ணெயோ எண்பதில் நிற்கிறது. கூட்டம் போட்டார். நூறு என்பது வெள்ளைக்காரர் வைத்த எல்லை, சுதந்திர நாட்டுக்குச் சுதந்திரமான எல்லை வேண்டும், எழுபத்தைந்தே போதும் என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எண்ணெய் போய் எல்லையைத் தொடவில்லை. எல்லை நடந்து எண்ணெயிடம் வந்தது.

மந்திரி வந்த அன்று வாழைமரம் கட்டினார்கள். சண்முகவடிவையும் மாலை போட்டு மேடையில் ஏற்றினார்கள். டாக்டர் கண்கலங்கப் பேசினார். "இந்த அம்மாவின்ர ஒத்துழைப்பு இல்லாட்டில் இந்த மகத்தான வெற்றி கிடைச்சிருக்காது. இவவை நாங்கள் ஒருநாளும் மறக்க மாட்டம். வாற வெள்ளிக்கிழமை இவ திருப்பி அனுப்பப்படுறா." கைதட்டல் ஓய வெகுநேரம் பிடித்தது. எண்ணெயைக் கண்ணாடிச் சாடியில் ஊற்றி, மூடிக்கு மேலே அரக்கு வைத்து, நடுக்கூடத்தில் மேசைமேல் வைத்தார்கள். 'தேசிய எண்ணெய்' என்று அடியில் எழுதியிருந்தது. இந்தத் தடவை எண்ணெய் ஆறியிருந்ததால் அரக்கு உறுதியாக ஒட்டியது.

வெள்ளிக்கிழமை அட்டன் ஸ்டேசனில் மழை தூறிக்கொண்டிருந்தது. பொல்கஹவெலையில் இறங்கி, தலைமன்னார் ரயிலுக்கு மாற வேண்டும் என்று கஸ்பர் நாலு தரம் சொல்லிவிட்டான். நாகலெட்சுமி கைக்குழந்தையோடு நின்றாள். பேச்சியம்மா ஒரு கட்டுக் கீரையைக் கொண்டுவந்து, கப்பலில் போகிறவளுக்குக் கீரை எதற்கு என்று அவளுக்கே தோன்றி, கொடுக்கவும் முடியாமல் கொண்டுபோகவும் முடியாமல் கையில் பிடித்திருந்தாள்.

"கண்ணுக்குத் தெரியாத ஊருக்கு அனுப்பிட்டு நான் எப்படிம்மா சோறு திங்கிறது?" என்றாள் நாகலெட்சுமி.

"தின்னணும். பால் குடுக்கிறவ தின்னாம இருக்கக்கூடாது," என்றாள் சண்முகவடிவு. அதற்குமேல் அவளால் முடியவில்லை. குழந்தையின் காலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எந் தங்கம், எஞ் சாமி, ஒன்ன விட்டுட்டுப் போறேனே," என்று வாய்விட்டு அழுதாள். சுற்றி நின்றவர்களும் அழுதார்கள்.

அந்த நேரத்தில் ஜீப் ஒன்று தண்ணீரை வாரியடித்துக்கொண்டு வந்து நின்றது. டாக்டர் அம்பலவாணர் குடைகூட இல்லாமல் ரயில் மேடைக்கு ஓடிவந்தார். நாகலெட்சுமியின் முகத்தில் ஒரு வெளிச்சம் ஓடியது. உத்தரவு மாறிவிட்டதோ? மனசு இரங்கிவிட்டார்களோ? கஸ்பர்கூட அப்படித்தான் நினைத்தான்.

"மூட்டையை அவிழும்!" என்று டாக்டர் மூச்சிரைத்தார். "பதிவில இருக்கிறதிலும் சாடியில எண்ணெய் குறையுது. ஒரு கரண்டி அளவு."

சண்முகவடிவு மூட்டையை அவிழ்த்தாள். ரெண்டு சீலைக்கு நடுவே, துணி சுற்றிய சின்னப் போத்தல் ஒன்று இருந்தது.

"புதுச் சட்டி வைக்கணுமேன்னு, சாடியில ஊத்துறதுக்கு முந்தியே ஒரு கரண்டி மொண்டு வச்சேங்க. எங்காத்தா குடுத்தது. அங்கிட்டுப் போயி அதுமேல புதுசு ஊத்திக்கலாம்னு…"

"இது தேசியச் சொத்து அம்மா! இலங்கை எண்ணெய். நாட்டை விட்டு ஒரு சொட்டு வெளியில போகப்படாது எண்டு சட்டமிருக்கு. விளங்குதே?" டாக்டர் போத்தலை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மழை படாமல் கோட்டுக்குள் வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளையை வைத்திருப்பது போல வைத்திருந்தார்.

கார்ட் பச்சைக்கொடியை விரித்தான். கஸ்பர் மூட்டையைத் திரும்பக் கட்டி, அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டான். சண்முகவடிவு ஜன்னல் வழியாக முதலில் மகளைப் பார்த்தாள், பிறகு குழந்தையை, பிறகு டாக்டரின் கோட்டுக்குள் மேடிட்டிருந்த அந்தப் போத்தலைப் பார்த்தாள்.

"பத்தரமா வச்சுக்குங்க ஐயா," என்றாள். "அது குடுத்து வச்ச எண்ணெ."

ரயில் நகர்ந்தது. டாக்டர் தக்கையை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.